அவுட்டரில் நின்ற வண்டி

மானாமதுரைக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டேஷனின் தகரக்கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ராமேஸ்வரம் பாசஞ்சர் பெருமூச்சு விட்டபடி நின்றுவிட்டது. சிக்னல் கிடைக்கவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சலித்துக்கொண்டார்கள். மங்கையர்க்கரசி மட்டும் சலித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வந்தது நிம்மதி. கணக்கு டீச்சர் இன்றைக்கு வரவில்லை என்று தெரிந்ததும் வகுப்புக்கே வருமே, அந்த நிம்மதி. அப்பாடா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அப்படி நினைத்த மறுநொடியே வெட்கமாகப் போய்விட்டது. வயது ஐம்பத்தைந்து, தலையில் பாதிக்கு மேல் நரை, மதுரையில் ஒரு கல்லூரியில் உளவியல் துறைத் தலைவி, மனிதர்கள் ஏன் எதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார்கள் என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்துக்கொண்டவள், இன்று பிற்பகல் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறவள். அப்பேர்ப்பட்டவள் வண்டி நின்றதற்குச் சந்தோஷப்படுகிறாள். காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தகரக்கூரைக்குக் கீழே அவளுடைய பழைய சினேகிதர் தனுஷ்கோடி நின்றுகொண்டிருப்பார். நேற்று போனில் சொல்லியிருந்தார்: "நீங்க வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம் அரசி. வண்டி நிக்கும்போது இறங்குங்க, அது போதும். என்னைக் கட்டிக்கச் சம்மதம்னு எடுத்துக்கிறேன். இறங்கலைன்னா ஒரு டீயை வாங்கி ஜன்னல் வழியாக் குடுத்துட்டு, கையை ஆட்டிட்டு, வீட்டுக்குப் போயிருவேன். கோபமெல்லாம் இல்லை. ஞாயித்துக்கிழமை மக வந்து என்னை ஓசூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவா. அதுக்குள்ள எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்." இறங்கினால் பேச்சுக்கு நேரமாகிவிடுமே என்று அவள் இழுத்தபோது அதற்கும் வழி வைத்திருந்தார். மானாமதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ் இருக்கிறது, தானே கூட வந்து கல்லூரி வாசலில் விடுகிறேன் என்றார். சாக்குச் சொல்ல ஓர் இடுக்குக்கூட விட்டுவைக்கவில்லை அந்த மனுஷன்.

தலைக்கு மேல் மின்விசிறி கழுத்துச் சுளுக்கியதுபோல ஒரே பக்கம் பார்த்துச் சுற்றியது. சீட்டின் ரெக்சின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அசைந்தால் சர்ரென்று உரிந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரங்கள், நடுவே நாலைந்து ஆடுகள், மற்றதெல்லாம் வெயில். எதிர் சீட்டில் ஒரு பெண் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கூடையின்மேல் ஈரச்சாக்கு. அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் அரசி இந்த வண்டியிலேயே இல்லை. பல்கலைக்கழக வாசல், புளியமரத்து நிழல், பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவித் தருகிற தள்ளுவண்டிக்காரர். அவளும் தனுஷ்கோடியும் அப்போது ஆராய்ச்சி மாணவர்கள். ஆளுக்கொன்றை வாங்கிக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள், தோளில் கேள்வித்தாள் கட்டு கனக்கும். தனுஷ்கோடி அப்போது அவ்வளவு ஒல்லி, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும். மதுரையைச் சுற்றியிருந்த கல்லூரி ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கி, பரீட்சைக்கு முந்தின நாள்தான் புத்தகத்தைத் தேடுவீர்களா, படிக்க உட்கார்ந்ததும் மேசையைத் துடைக்கத் தோன்றுமா என்றெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு இவர்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். இதையெல்லாம் படிக்கிறதுக்கு ஒரு டிகிரியா என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு, நின்றுகொண்டு வருவது அவருக்கு. பஸ் திரும்பும்போதெல்லாம் கேள்வித்தாள் கட்டு சரியாமல் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். அந்த முழங்கால் ஏன் இத்தனை துல்லியமாக ஞாபகம் இருக்கிறது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அந்த ஆராய்ச்சியில் நடந்த கூத்து உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்காது. அவர்களுடைய வழிகாட்டி பேராசிரியர் கனகசபாபதி விதி என்றால் விதி என்கிற ஆள். தாளைக் கொடுத்த நாளிலிருந்து இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் பூர்த்தி செய்து தந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வருவது செல்லாது. அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முறை என்று ஒன்று இல்லாவிட்டால் அப்புறம் என்ன ஆராய்ச்சி. நேரம் தவறி வந்த தாள்களை ஒரு சாக்கில் போட்டு ஆய்வகத்தின் மூலையில் சாத்திவிட்டார்கள். சாக்கு நிறைந்து இன்னொரு சாக்கும் வந்தது. தனுஷ்கோடி மட்டும் அந்தச் சாக்கைப் பார்ப்பதும் தலையைச் சொறிவதுமாக இருந்தார். ஒரு நாள் கேட்டேவிட்டார். "சார், தள்ளிப்போடுறவங்களைத்தானே நம்ம தேடுறோம்? தேடுற ஆளுங்க எல்லாம் அந்தச் சாக்குலல்ல சார் இருக்காங்க?" கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "விதியைப் படிச்சீங்களா மிஸ்டர்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஆக, சொன்ன நாளில் சமர்த்தாகக் கொடுத்த பிள்ளைகளின் தாளை மட்டும் கூட்டிக் கழித்து, தென்மாவட்டத்து மாணவர்களிடம் தள்ளிப்போடும் பழக்கம் அனேகமாகக் கிடையாது என்று கண்டுபிடித்து, அதைக் கோயம்புத்தூரில் ஒரு மாநாட்டில் வாசிக்கவும் செய்தார்கள். வாசித்தது அவள். கைத்தறிச் சேலை, நடுங்காத குரல், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "ரொம்பச் சந்தோஷம். லேட்டாக் குடுத்தவங்களை என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். அவள் திரும்பி வழிகாட்டியைப் பார்த்தாள். வழிகாட்டி கூரையைப் பார்த்தார். முதலில் ஓர் ஓரத்தில் யாரோ கனைத்தார்கள், அப்புறம் அரங்கம் மொத்தமும் சிரித்துத் தீர்த்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கனகசபாபதி முன் சீட்டில் தூங்குவதுபோல உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் இவர்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பல்லடத்தில் ஆரம்பித்தது தாராபுரம் தாண்டியும் நிற்கவில்லை. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் "சாக்கு" என்பார், மறுபடி ஆரம்பம். வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தது அவள் வாழ்க்கையில் அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஒட்டன்சத்திரத்தில் பஸ் டீக்கு நின்றது. மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டையும் முருங்கைக்காய்க் கட்டும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. சிரித்துச் சிரித்து ஓய்ந்து, டீ டம்ளரைப் பிடித்தபடி ஒரு சாக்குமூட்டைமேல் சாய்ந்து நின்றார் தனுஷ்கோடி. அவளைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா அரசி?" என்றார். அவள் வாயில் பிஸ்கட் இருந்தது. முழுங்கினாள். "சொல்றேன்" என்றாள். கண்டக்டர் விசில் அடித்தான், ஏறிக்கொண்டார்கள். அந்த "சொல்றேன்" அன்றைக்கு ராத்திரி வரைக்கும் தாங்கினால் போதும் என்றுதான் சொன்னாள், சத்தியமாக. அவரைப் பிடிக்கவில்லை என்பது ஒருநாளும் இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரை வரும்வரை அவள் காலடியில் பஸ் ஓடவே இல்லை, மிதந்தது. நாளைக் காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில் ஆய்வகத்தில் மற்றவர்கள் இருந்தார்கள். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது முடியட்டும். அது முடிந்தது, அப்பாவுக்குச் சுகமில்லை, அவர் எழுந்து நடமாடட்டும். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிட்டுச் சொன்னால் கௌரவமாக இருக்கும். பட்டம் வாங்கினாள், வேலை கிடைக்கட்டும். ஒவ்வொரு காரணமும் நிஜமான காரணம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டால் ஊரே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும். இதில் அவளுக்கே பயமாக இருந்தது ஒன்று உண்டு. பதில் சொல்லாமல் இருந்த அந்தக் காலம் அவளுக்கு இனிப்பாக இருந்தது. ஒருவர் கேட்டிருக்கிறார், காத்திருக்கிறார் என்கிற நினைப்பை இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி செருகிக்கொண்டு அவள் நிம்மதியாக நடமாடினாள். அவர் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருக்கலாம், பாவி மனுஷன்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அரசி பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகரவில்லை, யாரோ மேல் பெர்த்திலிருந்து குதித்த அதிர்வுதான். "ராமேஸ்வரத்துல இருந்து வர்ற எக்ஸ்பிரஸ்ஸ விட்டுட்டுத்தான் நம்மள விடுவான்" என்று வெள்ளரிக்காரப் பெண் பொதுவாக அறிவித்தாள். பிறகு அரசியின் கண்ணாடியையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "டீச்சரா நீங்க? எதுவரைக்கும் போறீக?" என்றாள். ராமநாதபுரம் என்றுதான் டிக்கெட். வாய் அதைச் சொல்லப்போய், சொல்லாமல், "மானாமதுரை... இல்லை, ராமநாதபுரம்" என்று தடுமாறியது. அந்தப் பெண் இதென்னடா என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். இந்த நேரத்துக்கு அவர் வந்திருப்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருப்பார். இப்போது அவர் ஒல்லியில்லை, முன்தலையில் முடியும் இல்லை, ஆனால் நிற்பது அதேபோலத்தான், ஒரு தோளைக் கொஞ்சம் இறக்கி, கேள்வித்தாள் கட்டு இன்னும் அங்கே தொங்குகிறாற்போல. காத்திருந்து பார்த்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டாரே, அந்தக் கல்யாணத்தன்றைக்குக்கூட மாலையோடு அப்படித்தான் நின்றார். அவள் போனபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது, அதற்கும் தாமதம். மணப்பெண் இந்திராணி இவள் கையைப் பிடித்து, "இவரு உங்களைப் பத்தித்தாங்க்கா ஓயாமச் சொல்லுவாரு, அந்தச் சாக்குக் கதையை நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னாள். கல்யாணப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள், நெற்றிச்சுட்டி கழன்று விழுந்தது. அவள்மேல் பொறாமைப்பட்டுத் தொலைக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் இடம் கொடுக்காத நல்ல பிள்ளை. வருஷா வருஷம் மானாமதுரைக்குக் கூப்பிட்டுப் புளிக்குழம்பு ஊற்றினாள். அவள் நோயில் கிடந்தபோது அரசி பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள், அவள் இறந்துபோன பிறகு தனுஷ்கோடியைவிட அதிகம் அழுததும் அரசிதான். அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் சமையலறையில் அரசிக்கென்று ஒரு டம்ளர் இருந்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், ஏன் தள்ளிப்போட்டீர்கள், ஏன், ஏன் என்று. பெரியகுளத்தில் ஒருவர் மகளுக்குப் பெயர் வைக்காமலே பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார், பெயர் கேட்டபோது பாப்பா என்றே எழுதிக்கொடுத்தார். நல்ல பேரா வைக்கணும்னு நினைச்சேன் மேடம், அதான். தேவகோட்டையில் ஓர் ஆசிரியை ஆசைப்பட்டு ஹார்மோனியம் வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் பரணில் வைத்திருந்தார். ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு, பெட்டியில இருக்கிற வரைக்கும் எனக்கு வாசிக்க வரும்மா, எடுத்தா வராதுன்னு தெரிஞ்சுபோகும் என்றார். அதைக் கேட்டு எழுதிக்கொண்ட அன்றைக்கு அரசி வீடு திரும்பிச் சாப்பிடவில்லை. தள்ளிப்போடுகிறவர்கள் சோம்பேறிகள் என்று உலகம் நினைக்கிறது. அரசி கண்ட வரையில் அவர்கள் வேலைக்குப் பயப்படுவதில்லை. அந்த வேலையில் கை வைத்தால் நெஞ்சில் கிளம்பப்போகிற ஒரு சங்கடத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தச் சங்கடத்தை வேறொருத்தி வந்து தாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். யார் அந்த வேறொருத்தி? நாளைக்கு இருக்கப்போகிற தான். நாளைக்கு இருக்கப்போகிறவள் எப்போதும் தைரியசாலி, தலைவலி இல்லாதவள், ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தவள். இதை அரசி ஊர் ஊராக மேடையில் சொல்வாள், கைதட்டுவார்கள், மாணவிகள் பின்னால் போய் 'நாளைக்கு மேடம்' என்று பெயர் வைத்துச் சிரிப்பார்கள். பேசிவிட்டு இறங்கி வரும்போது ஒவ்வொரு தடவையும் பத்மாசனம் போட்டு உட்கார்ந்த ஞானிபோல ஓர் உணர்வு வரும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அது போய்விடும். அறிந்துகொள்வதால் ஒரு மனுஷி திருந்திவிடுவாள் என்றால் அவள் என்றைக்கோ திருந்தியிருக்க வேண்டும்.

இது வீட்டிலிருந்தே வந்ததோ என்னவோ. அப்பா எதையும் புதிதாக வாங்கினால் மேலுறையைக் கழற்ற விடமாட்டார். நாற்காலிகள் பாலிதீன் உறையோடு நின்றன. உட்கார்ந்தால் கரகரவென்று சத்தம் வரும், கோடையில் தொடை வேர்த்துப் பிசுபிசுக்கும். நல்ல நாள் வரட்டும், கழற்றிக்கலாம் என்பார். பொங்கல் வந்தது, தீபாவளி வந்தது, தங்கச்சி கல்யாணம்கூட வந்தது. அது எதுவும் அப்பாவுக்குப் போதிய அளவு நல்ல நாளாக இல்லை. கடைசியில் அவர் இறந்த அன்றைக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்தான் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், கரகரவென்று. சித்தப்பா ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து எல்லா உறையையும் கிழித்து எறிந்தார். உள்ளே துணி புத்தம்புதுசாக, நல்ல மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. இவ்வளவு அழகான நாற்காலியா நம் வீட்டில் இருந்தது என்று அம்மா அழுகைக்கு நடுவே தடவிப்பார்த்தாள். அரசிக்கு அந்தக் காட்சி மறக்காது. மறக்காமல் இருந்தும் என்ன பிரயோசனம். போன வருஷம் வாங்கிய பிரிட்ஜின் கைப்பிடியில் இன்னும் அந்தப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

போன மார்கழியில் அவரிடமிருந்து போன் வந்தது. வழக்கமான குசலம், மழை, முழங்கால் வலி. அப்புறம் தனுஷ்கோடி, "இன்னொரு தடவை கேக்கலாம்னு பாக்குறேன். கேக்கலாமா?" என்றார். "கேளுங்க." "கேட்டுட்டேன்." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இந்த வயதில் காது சூடாகும் என்று அவள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். வாய் தன்பாட்டுக்கு, "சொல்றேன்" என்றது. பிறகு அந்தப் பக்கம் அவர் சிரிக்க ஆரம்பித்தார், இந்தப் பக்கம் இவள், தாராபுரத்துச் சிரிப்பு மறுபடியும். சிரித்து முடித்து வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. தை போனது, மாசி போனது. இந்தத் தடவை தங்கச்சிக்கு வரன் பார்க்க வேண்டியதில்லை, அப்பா இல்லை, பட்டம் வாங்க வேண்டியதில்லை. சொல்வதற்கு ஒரு காரணமும் கையில் இல்லாமல் போனபோதுதான் தனக்கு என்ன பயம் என்பது அவளுக்கே தெரிந்தது. இத்தனை காலமும் அவர் பார்த்தது வாரக்கடைசி அரசியை. குளித்து, புடவை மடிப்புக் கலையாமல், பேச விஷயம் வைத்துக்கொண்டு வருகிற அரசி. காலையில் யாரோடும் பேசப் பிடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பி குடிக்கிற அரசியை அவருக்குத் தெரியாது. தெரிந்து, அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம், ஒரே ஒரு கோடு விழுந்தாலும் இவளால் தாங்க முடியாது. உலகத்திலேயே அவளிடம் ஏமாற்றம் அடையாத ஒரே ஆள் அவர்தான். அந்த ஒருவரையும் செலவழித்துவிட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

பெட்டியில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவுட்டரில் வண்டி நின்றால் இந்தப் பக்கத்து ஜனங்கள் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். இறங்கித் தண்டவாளத்தோரமாக ஊருக்குள் நடந்துவிடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குதித்தார், அவர் பின்னால் பையோடு இரண்டு பேர். வெள்ளரிக்காரப் பெண்ணும் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அரசி ஜன்னல் வழியாகத் தகரக்கூரையையே பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி அங்கே போய் நிற்கும். என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம், தன்னைப் பற்றி அவளைவிட அதிகம் படித்தவர்கள் யாரும் இல்லை. வண்டி நிற்கும். பையை எடுப்பாள். கண்ணாடிக் கூட்டைத் தேடுவாள். முதலில் இறங்குகிற பெரியவருக்கு வழி விடுவாள், ஏறுகிற பிள்ளைக்காரிக்கு வழி விடுவாள். அவர் ஜன்னலோரம் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல், டீயை நீட்டுவார். சூடாக இருக்கும். ஊதிக் குடித்துவிட்டு இறங்கலாம் என்று நினைப்பாள். பாதி டீயில் வண்டி நகரும். அவர் டம்ளரை வாங்கிக்கொள்ள இரண்டடி கூடவே நடப்பார், ஒரு தோளை இறக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே. ஐயோ, சிரித்துக்கொண்டேதான் நடப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓசூர். பேரப்பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார், குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள்வார், போனில் குரல் தூரமாகும், பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. அவள் மேடையில் பேசிக்கொண்டிருப்பாள். அந்த டீயின் சூடு அப்போதே விரலில் சுட்டதுபோலிருந்தது, கை தானாக உதறிக்கொண்டது. எழுந்துவிட்டாள். பையை எடுத்தாளா, எடுத்துத்தான் இருந்தாள். வாசலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் ரயில்பெட்டி இத்தனை உயரம் என்று யார் கண்டார்கள். கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே பாதாளம், அடியில் கூர் கூராக ஜல்லி. நின்றுவிட்டாள். முழங்கால் வேண்டாம் என்றது. ஸ்டேஷனுக்கே போய் மரியாதையாக இறங்கினால் என்ன, அங்கே மட்டும் என்ன குறைந்துவிடும் என்று உள்ளே அந்தப் பழைய குரல் தேன் தடவிப் பேச ஆரம்பித்தது.

"எறங்குறதுன்னா எறங்குங்க டீச்சர், இல்லாட்டி வழிய விடுங்க" என்றாள் பின்னாலிருந்து வெள்ளரிக்காரப் பெண். "தலையில கூடையோட எம்புட்டு நேரம் நிக்கிறது?" அரசி திரும்பி, "இறங்கிட்டு, வேணாம்னு தோணுனா மறுபடி ஏறிக்கலாமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான கேள்வி என்று உறைத்தது. அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எறங்குறதே ஒங்களுக்குப் பாடு. இந்த ஒசரத்துல எங்கிட்டு ஏறுவீக? எறங்குனா எறங்குனதுதான்." அரசிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், புடவையைச் செருகினாள், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முகம் காட்டி, சின்னப் பிள்ளை மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குமே அப்படி, ஒரு காலை விட்டாள். கால் காற்றில் துழாவியது. ஒரு படி. அடுத்த படி. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டாள். ஜல்லியில் விழுந்து, சறுக்கி, ஒரு கையை ஊன்றி நின்றபோது உள்ளங்கை சிராய்த்திருந்தது, ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். ஒட்டன்சத்திரத்து வெங்காய வாசனைதான் வந்தது, எங்கிருந்து வந்ததோ. அந்தப் பெண் கூடையை மேலேயிருந்து இறக்கிக்கொண்டு, தானும் லேசாகக் குதித்து, "பாத்து வாங்க" என்றபடி விடுவிடென்று முன்னால் போய்விட்டாள். எதிர்த்தடத்தில் எக்ஸ்பிரஸ் இரைந்துகொண்டு கடந்தது. அது போன கையோடு பாசஞ்சரும் ஊதிவிட்டு நகர்ந்தது. ஒவ்வொரு பெட்டியாக அவளைத் தாண்டிப் போய், அவள் இருந்த பெட்டியும் அவள் இருந்த ஜன்னலும் தாண்டிப் போயின. அப்போதுதான் பகீரென்றது. வண்டி முதலில் போய்ச் சேரும். அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பார். எந்த வாசலிலிருந்தும் அரசி இறங்கமாட்டாள். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடப்பார்த்தாள், ஜல்லி விடவில்லை. இந்த வெயிலில், இந்தக் கல்லில், வாழ்நாளில் ஒரு தடவை துணிந்ததற்கு இப்படியா என்று கோபம் கோபமாக வந்தது. தூரத்தில் வண்டி நிற்பது தெரிந்தது. பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், கர்ச்சீப், பேச்சுக் குறிப்புகள், எல்லாம் வந்தது, போன் வரவில்லை. பாட்டிலைக் கீழே போட்டாள். குறிப்புகளையும் போட்டாள். அடியில் கிடந்தது. என்ன பேசப்போகிறோம் என்று யோசிக்காமல் அவள் அழுத்திய முதல் நம்பர் அதுவாகத்தான் இருக்கும்.

"அரசி" என்றார். ஓடியிருக்கிறார், மூச்சு வாங்கியது. "எந்தப் பெட்டின்னு தெரியலை, கடைசி வரைக்கும் பாத்துட்டேன். டீயும் ஆறிப்போச்சு. பரவாயில்லை விடுங்க. நல்லாப் பேசிட்டு வாங்க. நான் ஓசூர் போய்ச் சேந்துட்டு..."

"நான் வண்டியில இல்லை."

வண்டி கிளம்புகிற ஊதல் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

"அப்ப மதுரையில இருந்து கிளம்பவே இல்லையா?" என்றார் மெதுவாக.

"கிளம்பினேன். இறங்கிட்டேன்."

"இறங்கிட்டீங்களா? எங்க? இங்க யாரையும் காணோமே?"

"அவுட்டர்லயே. ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன் தனுஷ்கோடி. இங்க ஒரே கல்லாக் கிடக்கு, செருப்பு வேற அறுந்துபோச்சு. வந்து இந்தப் பையை வாங்குங்க."